அக்கரைக்கு வந்த பொங்கல்படி

1

மார்கழி முடிய ஐந்தாறு நாள் இருக்கையில் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு தந்தி வந்தது. தந்தி என்றால் இங்கே எல்லோருக்கும் பயம். ஊரில் யாரோ தவறிவிட்டார்கள் என்பதைத் தவிர வேறு சேதிக்கு யாரும் தந்தி கொடுத்துப் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் அதைப் பிரிக்காமலே கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் அடுப்படியில் நின்றபடியே, "நீங்களே படிங்க" என்றேன்.

படித்தார். நெற்றியைச் சுருக்கினார். மறுபடி படித்தார்.

"பினாங்குலேருந்து வந்திருக்கு. யாரோ வேலாயுதமாம். தென்காசி சுப்பையா குடுத்தனுப்புன சாமானைத் துறைமுகத்துல நிறுத்தி வச்சிருக்காங்களாம். உடனே வரச் சொல்லுதாரு."

தென்காசி சுப்பையா என் அண்ணன். பதினோரு வருஷமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு கடிதம், ஒரு கார்டு கிடையாது. அந்தப் பெயரைத் தந்தியில் கேட்டதும் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

இதைப் படிக்கும் ஊர்க்காரர்களுக்கு நான் யாரென்று சொல்ல வேண்டும். பிறந்தது தென்காசி, வாழ்க்கைப்பட்டது ஆலங்குளம், குடியிருப்பது மலாய் நாட்டில் தைப்பிங்குக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். என் வீட்டுக்காரர் அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். புண்ணுக்குக் கட்டுப் போடுவது முதல் மலேரியாவுக்குக் கொய்னா கொடுப்பது வரை எல்லாம் அவர்தான். எங்களுக்கு ஒரே பெண், ஒன்பது வயது. நான் அதிகம் படித்தவள் இல்லை. எழுதுவதில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

அண்ணனுக்கும் எனக்கும் பத்து வயது வித்தியாசம். அப்பா இறந்தபோது எனக்கு விவரம் தெரியாது. சிற்றாற்றுப் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் உண்டு. பதினாறு வயதில் அண்ணன் ஏர் பிடித்தான். அம்மாவுக்கும் எனக்கும் அவன்தான் வீடு.

மார்கழி பிறந்தால் எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு என்ன வேலை என்று உங்களுக்குத் தெரியும். விடியுமுன் வாசலில் கோலம் போட்டு, சாணி உருண்டையில் பூசணிப்பூ செருகி வைக்க வேண்டும். அந்த உருண்டைகளை அன்றைக்கன்றைக்குத் தட்டிக் காயவைத்துச் சேர்க்க வேண்டும். தை பிறந்து ஒரு நல்ல நாளில் முற்றத்தில் மண்ணால் ஒரு சின்ன வீடு கட்டி, அதன் வாசலில் பிள்ளைகளுக்கென்று தனியாகப் பொங்கலிட்டு, பிறகு அந்த வரட்டிகளையும் பொங்கலையும் விளக்கோடு ஆற்றில் விடுவார்கள். சிறுவீட்டுப் பொங்கல். பெரிய பொங்கல் சூரியனுக்கு. இது வீட்டுப் பெண்பிள்ளைக்கு.

அந்தச் சின்ன வீட்டைக் கட்டித் தருவது அண்ணன்மாருடைய பொறுப்பு. மற்ற வீடுகளில் நாலு பக்கம் சுவர் எழுப்பி ஒரு வாசல் விட்டால் முடிந்தது. என் அண்ணன் இரண்டு ஜன்னல் வைப்பான். "ஜன்னல் எதுக்குண்ணே?" என்று கேட்டால், "காத்து வரணும்லா" என்பான். திருவாதிரைக்குக் குற்றாலத்துக்கு வண்டி கட்டுவான். சித்திர சபையில் தீபாராதனை பார்க்கப் போய், குளிரிலும் கூட்டத்திலும் நான் அவன் தோளிலேயே தூங்கிப் போவேன். "சாமிய பாத்தியாட்டி?" என்று அம்மா கேட்டால் அவன் முந்திக்கொண்டு, "நல்லாப் பாத்தா" என்று சொல்லுவான்.

கல்யாணமாகிப் போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வருஷா வருஷம் போவது பொங்கல்படி. பச்சரிசி, வெல்லம், தேங்காய், காய்கறி, இலையோடு மஞ்சள்குலை, தோகையோடு கரும்பு, பனங்கிழங்கு, ஒரு பானை, ஒரு புடவை. தாய் தகப்பன் போனபின் அண்ணன் தம்பி கொடுக்க வேண்டும். இதை நான் இங்கே வந்தபிறகுதான் யோசித்துப் பார்த்தேன். நமக்கு வயலில் பங்கு கிடையாது, வீட்டில் பங்கு கிடையாது. வருஷத்தில் ஒரு நாள் பனையோலையில் முடைந்த ஒரு கடகப்பெட்டி வந்து வாசலில் இறங்கும். இந்த வீட்டுக்காரி நீயும்தான், மறக்கவில்லை என்று அந்தப் பெட்டி ஊரறியச் சொல்லும். பெட்டி வராத பெண்ணைப் பார்த்து ஊர் ஒன்றும் சொல்லாது. அந்தச் சும்மா இருப்புத்தான் தாங்க முடியாது.

எனக்குத் தலைப்பொங்கல் படி ஆலங்குளத்துக்கு இரண்டு வண்டியில் வந்தது. அடுத்த வருஷத்துக்குள் அம்மா போய்விட்டாள். அந்தத் தையில் அண்ணன் படியோடு வந்தபோது என் வீட்டுக்காரருக்கு மலாய் நாட்டில் வேலை உறுதியாகியிருந்தது. அண்ணனுக்கு அதை யாரோ வழியிலேயே சொல்லிவிட்டார்கள். பெட்டியை இறக்கிவைத்துவிட்டு உட்காராமலே கேட்டான்.

"உன்ன ஆலங்குளத்துல கட்டிக் குடுத்தது எதுக்குட்டி? இருட்டோட வண்டியப் பூட்டுனா மத்தியானச் சோத்துக்கு உன் வாசல்ல வந்து நிக்கலாம்னுதான? கடலுக்கு அங்கன போயிட்டா நான் வண்டிய எங்கன பூட்டுதது?"

"அவரு போற இடத்துக்குத்தானண்ணே நானும் போகணும்."

"போ. யாரு பிடிச்சா? இதுதான் கடைசிப் படின்னு வச்சுக்கோ. அக்கரைக்குப் படி சுமக்குத வழக்கம் நம்ம ஊர்ல கிடையாது."

அவன் அழுகையை அடக்கிக்கொண்டு பேசினான் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் படி பார்க்க வந்து நின்றார்கள். அவர்கள் எதிரில் சொல்லிவிட்டானே என்று எனக்கு ரோஷம்.

"கடைசிப் படி எதுக்கு? இதையும் எடுத்துட்டுப் போ. உன் படி எனக்கு வேண்டாம். இனிமே வேண்டவே வேண்டாம்."

அண்ணன் என்னைப் பார்த்தான். தண்ணீர் காட்டக்கூட நேரமில்லாமல் மாட்டைப் பூட்டிக்கொண்டு போனான். பெட்டியை எடுக்கவில்லை. நாங்கள் நாகப்பட்டினத்துக்கு ரயிலேறிய அன்றும் அவன் வரவில்லை.

3

இங்கே வந்து இரண்டாம் வருஷம் பெண் பிறந்தாள். என் வீட்டுக்காரர் அண்ணனுக்கு ஒரு கார்டு போட்டார். பதில் இல்லை. நான் எழுதவில்லை. வேண்டாம் என்று சொன்ன வாயால் எப்படி வலியப் போவது?

குற்றாலத்து அம்மன் பெயரைப் பிள்ளைக்கு வைத்தோம். குழல்வாய்மொழி. பிறப்பைப் பதியப் போனபோது குமாஸ்தா தன் காகிதத்தைக் காட்டி, பெயருக்கு இவ்வளவுதான் இடம் என்று சொல்லி, "குழல்" என்பதோடு நிறுத்திவிட்டார். தைப்பிங்கில் கன்னிகாஸ்திரீகள் நடத்தும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அங்கே "மொழி" என்பதைக் கேட்டு "மாலி" என்று எழுதிக்கொண்டார்கள். ஆக அவளுடைய பெயரில் முன்பாதி ஒரு ஆபீசிலும் பின்பாதி ஒரு பள்ளிக்கூடத்திலும் இருக்கிறது. அவள் மாலி என்று கூப்பிட்டால்தான் சட்டென்று திரும்புகிறாள். வீட்டுக்குள் தமிழ் பேசுவாள். அதில் பாதி மலாய், கால் இங்கிலீஷ். எழுதுவது முழுக்க இங்கிலீஷ். "அம்மா, இந்த எழுத்தெல்லாம் ஏன் சுருண்டு சுருண்டு இருக்கு?" என்று என் பழைய கடிதக் கட்டைப் பார்த்துக் கேட்டவள்.

எங்களுக்கு அடுத்த வீடு கிராணியார் வீடு. தோட்டத்துக் கணக்கு எழுதுகிறவர். யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர் மனைவி பாக்கியம் அக்காவுக்கு ஈப்போவில் தம்பி உண்டு. ஒவ்வொரு பொங்கலுக்கும் கரும்பும் புதுப்பானையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். என் பெண்ணுக்கு நாலு வயதிருக்கும். அந்த வீட்டுப் பிள்ளைகள் மாமா கொண்டுவந்த கரும்பைக் கடித்தபடி நிற்பதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"எனக்கு மாமா இல்லையாம்மா?"

அன்று காலைதான் என் வீட்டுக்காரர் தைப்பிங் சீனன் கடையில் இரண்டு கரும்பு வாங்கி வந்து மூலையில் சாத்தியிருந்தார். என்னையறியாமல் வாய் சொல்லிவிட்டது.

"ஏன் இல்ல? தென்காசியில இருக்காரு. இந்தக் கரும்பு அவரு அனுப்பினதுதான்."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தபின் அந்தப் பேச்சைத் திரும்ப வாங்க முடியவில்லை. அடுத்த வருஷமும் அதையே சொன்னேன். அதற்கடுத்த வருஷமும். பாக்கியம் அக்கா, "உங்கட அண்ணர் இந்த முறை என்ன அனுப்பினவர்?" என்று கேட்டால், கரும்பு, மஞ்சள், புடவை என்று வரிசையாகச் சொல்லப் பழகிவிட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை. கரும்பை வாங்கிக்கொண்டு வந்து, பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வீட்டுக்குள் வைப்பார். அவ்வளவுதான்.

4

தந்தி வந்த மறுநாள் மூவரும் பிறை என்ற கரையோர ஊருக்கு ரயிலேறி, அங்கிருந்து படகில் பினாங்கு போய்ச் சேர்ந்தோம். துறைமுகத்துக் கொட்டகை வாசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவர்தான் வேலாயுதம். செங்கோட்டைக்காரர். பினாங்கில் சாயாக்கடை வைத்திருக்கிறார். ஊருக்குப் போய்த் திரும்பி வந்தவர்.

"நீங்கதான் கோமதி அம்மாவா? அப்பாடா. உங்க அண்ணாச்சி லேசுப்பட்ட ஆளில்ல, கேட்டேளா? நான் கப்பலேறப் போறேன்னு யாரோ சொல்லியிருக்கா. தென்காசியிலேருந்து தலைச்சுமையா இந்தப் பெட்டியத் தூக்கிட்டுச் செங்கோட்டைக்கு என் வீட்டு வாசல்ல வந்து நிக்காரு. கரும்பெல்லாம் கப்பல்ல கொண்டுபோக விடமாட்டாங்க அண்ணாச்சின்னு தலையால அடிச்சுக்கிட்டேன். 'தங்கச்சிக்குக் கொண்டு போறேன்னு சொல்லும். மனுசன்தான அங்கயும் இருப்பான்?'னுட்டாரு. நான் என்ன செய்ய?"

மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். அண்ணனுடைய எழுத்து. அவன் ஐந்தாவதுதான் படித்தவன். ஒவ்வொரு எழுத்தையும் நாற்று நடுவதுபோல் இடம் விட்டு இடம் விட்டு எழுதுவான். கொட்டகை ஓரத்தில் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து படித்தேன். அதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

"சௌபாக்கியவதி தங்கை கோமதிக்கு அண்ணன் சுப்பையா ஆசீர்வாதம். இவ்விடம் க்ஷேமம். அவ்விட க்ஷேமத்துக்கு எழுத வேணும்.

போன மாசியில உன் மகள் எழுதின கடுதாசி வந்தது. இங்கிலீசில் இருந்ததால் யாருக்கோ வந்தது தப்பி வந்துட்டுதுன்னு நினைச்சேன். ஸ்டேஷனில் டிக்கெட் குடுக்கிற ஐயாகிட்டக் கொண்டு போனேன். அவர் தமிழில் சொன்னார். மாமா நீங்கள் வருஷா வருஷம் அனுப்புகிற கரும்புக்கும் மஞ்சளுக்கும் ரொம்ப வந்தனம், கரும்பு நல்ல இனிப்பு, அம்மா உங்களைப் பற்றித் தினமும் சொல்லுவாள்னு எழுதியிருக்காம். மூணு தடவை படிக்கச் சொன்னேன். முதல் தடவை நீ என்னக் கேலி பண்ணுதேன்னு நினைச்சேன். ரெண்டாம் தடவை புரிஞ்சுது. மூணாம் தடவை ஐயா படிக்கும்போது எனக்கு அங்கன நிக்க முடியல.

பதினோரு வருஷம் ஒரு துண்டுக் கரும்பு அனுப்பாதவன் நான். அந்தப் பிள்ளைகிட்ட என் பேரை நீ காப்பாத்தி வச்சிருக்கே. வேண்டாம்னு நீ சொன்ன ஒரு சொல்லப் பிடிச்சுக்கிட்டு நான் இருந்துட்டேன். நீ சின்னவ, சொல்லுவே. குடுக்க வேண்டியவன் கேட்டா குடுக்கணும்? உன் மதினி ஒவ்வொரு தைக்கும் உனக்குன்னு ஒரு பங்கு எடுத்து வைப்பா. நான் பாக்காத மாதிரி இருப்பேன். மறுநா அவ அதை யாருக்காவது குடுத்துருவா. இந்த வருஷம் நானே பெட்டியக் கொண்டுவான்னு சொன்னேன். அவ ஒண்ணும் கேக்கல. அழுதுக்கிட்டே கட்டுனா.

கரும்பு இன்னும் முத்தல. கப்பலுக்கு நாளாகும்னு முந்தியே வெட்டிட்டேன். குறையா நினைக்காதே. மாலின்னு கையெழுத்துப் போட்டிருக்கா. அது என்னட்டி பேரு?"

கடைசி வரியில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. பெண்ணைக் கூப்பிட்டேன்.

"நீ மாமாவுக்குக் கடிதாசி எழுதினியா?"

"ஆமா. போன வருஷம் ஸ்கூல்ல சிஸ்டர் சொன்னாங்க, யாரு பரிசு கொடுத்தாலும் லெட்டர் எழுதணும்னு. உன் பெட்டியில அட்ரஸ் இருந்துச்சு. அப்பாதான் அதை இங்கிலீஷ்ல எழுதி ஸ்டாம்ப் ஒட்டினாங்க."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க படிச்சீங்களா அதை?"

"படிச்சேன்."

"பொய்னு தெரிஞ்சுமா அனுப்புனீங்க?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார்.

"உன்ன இங்கன கூட்டிட்டு வந்தவன் நான். ஒவ்வொரு பொங்கலுக்கும் சீனன் கடையில கரும்பு வாங்கும்போது எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைக்கே? என்னால போய் மச்சான் கால்ல விழ முடியல. பிள்ளை எழுதிட்டா. போட்டும்னு போட்டுட்டேன்."

பத்து வருஷத்துக்கும் மேல் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். அவர் மனதில் இது இருந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

5

உள்ளே ஒரு நீள மேஜை. அதன்மேல் கடகப்பெட்டி. பக்கத்தில் கோணியில் சுற்றிய மூன்று கரும்பு, தோகை காய்ந்து முறிந்திருந்தது. மஞ்சள்குலையின் இலைகள் சுருண்டுவிட்டன. ஆனாலும் கிட்டப் போனதும் வாசனை வந்தது. மேஜைக்குப் பின்னால் ஒரு மலாய் உத்தியோகஸ்தர். இளைஞர். மரியாதையாகப் பேசினார். வெளிநாட்டுச் செடி, கிழங்கு, கரும்பு எதுவும் பூச்சி நோய் கொண்டுவரும், உள்ளே விடச் சட்டமில்லை, எரிக்க வேண்டும் என்றார். அரிசி, வெல்லம், பானை, புடவை எடுத்துப் போகலாம் என்றார்.

நிரப்பித் தரச் சொல்லி ஒரு பாரத்தை நீட்டினார். என் வீட்டுக்காரர் பேனாவை எடுத்தார். விற்பனைக்கா, நடுவதற்கா, உணவுக்கா என்று மூன்று கேள்வி. இதில் எதை எழுதுவது? விற்பதற்கு இல்லை. நடுவதற்கு இல்லை. தின்பதற்கா என்றால் அதுவும் இல்லை. மஞ்சள்குலையைப் பானைக் கழுத்தில் கட்ட வேண்டும். அவர் பேனாவோடு தயங்கி நின்றதும் நானே சொல்லிவிடலாம் என்று எனக்குத் தெரிந்த மலாயில் ஆரம்பித்தேன். அண்ணனுக்கு மலாயில் அபாங். "இது என் அபாங் அனுப்பியது. வருஷா வருஷம் அபாங் பெண்ணுக்கு அனுப்ப வேண்டும். பதினோரு வருஷமாக என் அபாங் கோபமாக இருந்தார். இப்போதுதான் கோபம் தீர்ந்தது."

அந்த இளைஞர் என் வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவரிடம், "பதினோரு வருஷமா? அவ்வளவு கோபம் கூடாது ஐயா. நீங்களே அனுப்பிவிட்டு, எதற்கு என்று எழுதத் தெரியாமல் நிற்கிறீர்களே?" என்றார்.

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் பெண்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா! மலாய்க்காரங்க புருஷனையும் அபாங்னுதான் கூப்பிடுவாங்க!"

அவள் மலாயில் மளமளவென்று விளக்கினாள். இது அம்மாவின் அண்ணன், இந்தியாவில் இருக்கிறார், இது எங்கள் பண்டிகைக்கு என்று. எனக்குப் பாதிதான் புரிந்தது. என் பாஷையை அவள் விட்டுவிட்டாள் என்று நான் வருத்தப்பட்ட நாட்கள் உண்டு. அன்று எனக்காக அவள்தான் பேசினாள்.

இளைஞர் கேட்டு முடித்துப் பாரத்தை ஓரமாக வைத்தார். தனக்கும் திரங்கானுவில் ஒரு தங்கை இருக்கிறாள் என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கொட்டகைக்கு வெளியே கொண்டுபோகத்தான் சட்டம் இடம் தராது. இங்கேயே சாப்பிட்டால் நான் தடுக்க வேண்டியதில்லை. சக்கை ஒன்றுகூட வெளியே போகக் கூடாது. அதோ அந்தத் தொட்டியில் போடுங்கள். எரித்துவிடுவேன்."

வேலாயுதம் எங்கிருந்தோ ஒரு கத்தி வாங்கி வந்தார். பினாங்குத் துறைமுகத்துக் கொட்டகையில், சாக்கு மூட்டைகளுக்கு நடுவில், என் அண்ணன் அனுப்பிய கரும்பை ஐந்து பேரும் உட்கார்ந்து தின்றோம். அந்த உத்தியோகஸ்தரும் ஒரு துண்டு வாங்கிக்கொண்டார். முற்றாத கரும்பு. அடிப்பக்கம் மட்டும் லேசாக இனித்தது. மேலே வெறும் தண்ணீர். நான் நுனிவரை விடாமல் கடித்தேன். ஈறில் கீறி ரத்தம் வந்தது.

என் பெண் ஒரு துண்டை மென்று துப்பிவிட்டு, "போன வருஷம் மாமா அனுப்பினது இதைவிட இனிப்பு" என்றாள்.

என் வீட்டுக்காரர் வாயில் கரும்போடு இருமினார். நான் அவள் தலையைத் தடவினேன். மஞ்சள்குலையை எரிக்க எடுத்துப் போகுமுன் இலையை மட்டும் கையில் தேய்த்துப் பார்த்துக்கொண்டேன். திரும்பி வரும்போது படகில் வைத்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாலு வயதில் அவள் கேட்டது, நான் சொன்னது, சீனன் கடை எல்லாம். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்போ மாமா இதுதான் முதல் தடவையா அனுப்பினாங்க?"

"ஆமா."

"அப்போ இனிப்பு இல்லேன்னு நான் சொன்னதை மாமாகிட்டச் சொல்லிராதே."

6

பொங்கலன்று அண்ணன் அனுப்பிய வெண்கலப் பானையில் அவன் அனுப்பிய பச்சரிசியை இட்டேன். மஞ்சளுக்குத் தோட்டத்துப் பெண் ஒருத்தி தன் கொல்லையிலிருந்து கொத்து பிடுங்கிக் கொடுத்தாள். பாக்கியம் அக்கா வந்து பானையைத் தட்டிப் பார்த்து, "இந்த முறை அண்ணர் பெரிசாய்ச் செய்திருக்கிறார்" என்றார். நான் அவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, இது முதல் தடவை அக்கா என்றேன். இத்தனை வருஷமும் சொன்னதெல்லாம் பொய் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "எனக்குத் தெரியும் பிள்ளை. தைப்பிங் கடையில உம்மட மனுசன் கரும்பு வாங்கிறதை நான் எத்தனை தரம் கண்டனான். பொங்கும் நேரத்தில அழாதேயும்" என்றார்.

பண்டிகை முடிந்ததும் அந்தக் கடகப்பெட்டியைக் கழுவிக் காயவைத்தேன். படி வந்த பெட்டியை வெறும் பெட்டியாகத் திருப்பி அனுப்பக் கூடாது. ஒரு பிடி அரிசியாவது வைத்துத்தான் கொடுக்க வேண்டும். வேலாயுதத்தின் கடையாள் ஒருவர் வைகாசியில் ஊருக்குப் போகிறார், அவரிடம் கொடுத்தனுப்பலாம் என்று சேதி வந்தது. என்ன வைப்பது என்று நாலைந்து நாள் யோசித்தேன். ஜாதிக்காய் மிட்டாய், பிஸ்கோத்துத் தகரம், மதினிக்கு ஒரு பாத்திக் அச்சுச் சேலை. எதை வைத்துப் பார்த்தாலும் பெட்டி காலியாகவே இருப்பதுபோல் இருந்தது.

என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ரப்பர் விலை விழுந்த வருஷங்களில் ஊருக்குப் போகும் பேச்சையே நாங்கள் எடுத்ததில்லை. லீவு கேட்டவர்களைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒரேயடியாகப் போகச் சொன்ன காலம் அது. இப்போது நிலைமை தேவலை.

"துரைகிட்டக் கேட்டேன்," என்றார். "எனக்கு லீவு இப்போ கிடையாதாம். ஆஸ்பத்திரிய விட்டுட்டுப் போக ஆளில்ல. நீயும் பிள்ளையும் போயிட்டு வாங்க. பெட்டிய நீயே கொண்டு குடு."

"நீங்க தனியா இருப்பீங்களா?"

"ஆறு மாசம்தான. கிராணியார் வீட்டுல சாப்பிட்டுக்கிடுதேன்."

அவர் பெட்டியை ஓரமாக நகர்த்தி வைத்தார். உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி மாட்டினார். முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

வைகாசியில் கப்பல். ஆலங்குளத்துக் குடும்பம் ஒன்று அதே கப்பலில் வருகிறது, துணைக்குக் குறையில்லை. தென்காசிக்கு எந்த நாள், எந்த ரயில் என்று அண்ணனுக்கு எழுதினேன். என்னை மன்னித்துவிடு என்று நான்கு தடவை எழுதி நான்கு தடவையும் அடித்துவிட்டு, கடைசியில் ரயில் நேரத்தை மட்டும் எழுதி அனுப்பினேன்.

நேற்று பதில் கார்டு வந்தது. மன்னிப்பு, கோபம், பதினோரு வருஷம் எதைப் பற்றியும் அதில் இல்லை. நாற்று நட்ட மாதிரி மூன்று வரி.

"ரயிலுக்கு நான் வண்டி கட்டிக்கிட்டு வந்துருதேன். வண்டியில வைக்கோலை நல்லாக் கனமாப் பரப்பி வைக்கேன். பிள்ளைக்குக் குலுக்கல் பழக்கம் இருக்காது."